பக்கத்தில் நிற்பவர் பெயர்

காலை ஒன்பது இருபதுக்கு மிஸ் கிரேஷம் பேனாவை மைக்கூட்டில் தோய்த்து எடுத்து, "தங்கள் நாமதேயம் யாது?" என்று கேட்டார்.

1928, ஜூன் மாதம். மிஸ் கிரேஷம் பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. சிறு பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்றைச் சொந்தமாக நடத்திவந்தார். தமிழை ஒரு முன்ஷியிடம் முறையாகக் கற்றவர். முன்ஷி பழைய புத்தகங்களை விட்டு வெளியே வராதவர். அதனால் மிஸ் கிரேஷம் ஜட்காக்காரனைக் கூப்பிட்டாலும் பிரசங்கம் கேட்பதுபோல இருக்கும்.

"பியாட்ரிஸ், மேடம்," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்தவள்.

"மணமானவர் என்று விண்ணப்பத்தில் கண்டேன்."

"ஆமா, மேடம். பிப்ரவரியில ஆச்சு."

"இப்பள்ளியில் மணமான ஆசிரியைகளைக் கணவர் பெயரால் அழைப்பதே முறை. ஆகவே தாங்கள் மிஸஸ்...?"

பேனா காகிதத்துக்கு மேல் காத்திருந்தது.

பியாட்ரிஸ் பல கேள்விகளுக்குத் தயாராக வந்திருந்தாள். வாய்ப்பாடு, தையல், பாட்டு, மணல் தட்டில் எழுத்துப் பழக்கும் விதம், எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. இதற்கு இல்லை. ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஒரு சில்வர் ஓக் மரம் நின்றது. அதனிடமும் பதில் இல்லை.

"மிஸஸ் என்ன?"

"அவங்க பேர்தான், மேடம்."

"எவர் பெயர்?"

"வீட்டுக்காரர் பேர்."

"அதைத்தானே வினவுகிறேன்."

பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை காகிதத்தில் விழுந்தது. பியாட்ரிஸ் கைப்பையைத் திறந்து பென்சிலையும் துண்டுக் காகிதத்தையும் எடுத்தாள். ஓஸ்வால்ட் என்று ஆங்கிலத்தில் எழுதி மேஜையின் குறுக்கே தள்ளினாள். எழுதுவதில் குற்றமில்லை. வாயால் சொல்வதுதான் கூடாது.

மிஸ் கிரேஷம் எழுத்தைப் பார்த்தார். அழகான எழுத்து. பிறகு மோதிரத்தைப் பார்த்தார். புது மோதிரம். பிறகு முகத்தைப் பார்த்தார். கணவர் பெயரைச் சொல்ல முடியாத மனைவியைப் பற்றி ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்கு என்ன தோன்றுமோ அது அவருக்குத் தோன்றியது.

"இத்தகைய ஒருவர் மெய்யாகவே இருக்கிறாரா?"

பியாட்ரிஸுக்குக் காது சுட்டது. "இருக்காங்க, மேடம். ஸ்டேஷன் பார்சல் ஆபீஸ்ல கிளார்க். மாதா கோயில் கல்யாண சர்ட்டிபிகேட் நாளைக்கே கொண்டுவரேன்."

"வேண்டாம்." மிஸ் கிரேஷம் மைச் சொட்டை ஒற்றுத் தாளால் ஒற்றினார். "தன் பெயரைத் தானே சொல்லக் கூசும் ஆசிரியை, குழந்தைகளுக்குப் பேசக் கற்பிப்பது எங்ஙனம்? ஜூலை இறுதிச் சனிக்கிழமை பெற்றோர் தினம். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மையார் வருவார். அன்று ஒவ்வோர் ஆசிரியையும் எழுந்து நின்று பெயரையும் வகுப்பையும் உரக்கச் சொல்வது வழக்கம். அதுவரை தாங்கள் பாடம் நடத்தலாம். அன்று சொன்னால் வேலை நிலைக்கும். இல்லையேல் என்னை மன்னிக்கவும்."

பியாட்ரிஸ் கல்யாணத்துக்கு முன் கோலாரில் இரண்டு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவள். அந்தப் பள்ளியில் மணமானவர்களை வைத்துக்கொள்ள மாட்டார்கள். நாலு மாதமாக அவள் அல்சூரில் மாமியாரோடும் பதினோரு கோழிகளோடும் இருந்தாள். கோழிகளுக்கு வரிசையில் நிற்கக் கற்றுக்கொடுக்க முயன்று பார்த்துவிட்டாள். வேறு பள்ளிக்கூடம் எதுவும் அவள் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. இது ஒன்றுதான்.

"சரி, மேடம்," என்றாள்.

வீட்டில் மாமியார் அல்போன்சா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு முறத்தைக் கீழே வைத்தார்.

"வேலைக்குப் போ. நான் தடுக்கலை. சமையலை நான் பாத்துக்கறேன். ஆனா என் பிள்ளை பேரை வாயால சொல்லாதே. அது ஒண்ணுதான் கேக்கறேன். சொன்னா புருஷனுக்கு ஆயுசு குறையும்."

"நீங்க சொன்னதே இல்லையா, அத்தை?"

"ஒரு நாள்கூட."

"மாமா நாப்பத்தெட்டு வயசுல போயிட்டாங்களே."

"சொல்லியிருந்தா முப்பதுலயே போயிருப்பார்."

இதற்கு மேல் வாதம் இல்லை. அல்போன்சா சொன்னதைச் செய்பவர். அவர் கணவர் பெயர் ரெமிஜியஸ். அந்தப் பெயருள்ள அர்ச்சியசிஷ்டவரை, அதாவது புனிதரை, அவர் திருநாளை வைத்து 'அக்டோபர் ஒண்ணாந்தேதிக்காரர்' என்பார். கணவர் நினைவு நாளுக்குப் பூசை கொடுக்கப் போனால், "போன வருஷம் யாருக்குப் படிச்சீங்களோ அவருக்கே, சாமி," என்பார். ஒரு வருஷம் புதுச் சாமியார் வந்துவிட்டார். அல்போன்சா வீட்டுக்குத் திரும்பிப் போய், கணவருடைய பழைய குடையைக் கொண்டுவந்து நீட்டினார். பிடியில் பெயர் செதுக்கியிருந்தது. சாமியார் படித்துப் புரிந்துகொண்டார். குடைக்கும் சேர்த்து ஆசீர்வாதம் கொடுத்தார்.

"சத்தியமா சொல்ல மாட்டேன், அத்தை," என்றாள் பியாட்ரிஸ். சொன்ன பிறகுதான், ஒரே நாளில் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று உறைத்தது. இரண்டும் ஒன்றோடொன்று சேராதவை.

சாயங்காலம் ஓஸ்வால்ட் வந்தான். கதையைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் காப்பி தட்டில் கொட்டியது.

"என் பேரை அந்தம்மா நம்பலையா? நான் வேணா நேர்ல வந்து நிக்கட்டுமா?"

"சிரிக்காதீங்க."

"இதுல என்ன கஷ்டம்? ஆபீஸ்ல ஒரு நாளைக்கு நூறு பேர் என் பேரைச் சொல்றாங்க. கூலி சொல்றான், சூப்பரின்டென்டென்ட் சொல்றான். நான் நல்லாத்தானே இருக்கேன்? வாயைத் திறந்து சொன்னா ஆச்சு." அவன் அம்மா இருக்கும் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "ஒரு பேரைச் சொல்றது பெரிய மலையா?"

பிறகு தொண்டையைச் செருமினான். இன்னொரு காப்பி வேண்டும் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அவளைக் கூப்பிட அவன் வைத்திருந்தது அந்தச் செருமல்தான். அவசரமென்றால் இரண்டு தரம் செருமுவான்.

பள்ளியில் பியாட்ரிஸுக்கு முதல் வகுப்பு. முப்பத்தொரு பிள்ளைகள். தமிழ்ப் பிள்ளைகள், சட்டைக்காரர் எனப்படும் ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகள், இரண்டு கன்னடப் பிள்ளைகள், ரொட்டிக் கடை பாய் வீட்டுப் பையன் ஒருவன். முதல் நாள் காலை மிஸ் கிரேஷம் அவளை அழைத்துப் போய்க் கரும்பலகையில் பெயரை எழுதிக் காட்டினார். முப்பத்தொரு பேரும் எழுந்து, "குட் மார்னிங், மிஸஸ் ஓஸ்வால்ட்!" என்று கத்தினார்கள்.

பியாட்ரிஸ் திடுக்கிட்டுத் திரும்பி வாசலைப் பார்த்தாள். அவன் வந்துவிட்டானோ என்று ஒரு கணம் பயம்.

இரண்டாம் வாரத்தில் திரும்பிப் பார்ப்பது நின்றது. மூன்றாம் வாரத்தில் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் காலை விடிந்ததுபோல இல்லை. நோரா என்ற பெண் மணலில் 'அ' எழுதக் கற்றாள். ரொட்டிக் கடைப் பையன் பத்து வரை எண்ணி, பதினொன்றைத் தாவி, பன்னிரண்டில் இறங்கினான். இந்த அறையை விட்டுப் போக முடியாது என்று பியாட்ரிஸுக்குத் தெரிந்துவிட்டது. நாள்காட்டியில் ஜூலை கடைசிச் சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

மத்தியானச் சாப்பாடு சில்வர் ஓக் மரத்தடியில். இரண்டாம் வகுப்பு ருக்மிணி, மூன்றாம் வகுப்பு டோரீன், பியாட்ரிஸ், மூன்று பேர்தான். ருக்மிணியின் கணவர் மின்சார ஆபீசில் இருந்தார். டோரீனின் கணவர் பெர்சி என்ஜின் டிரைவர். பெர்சி என்ற பெயரை டோரீன் ஒரு நாளைக்கு நாற்பது தரமாவது சொல்வாள், பெரும்பாலும் திட்டி.

ஒரு நாள் பியாட்ரிஸ் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. விஷயத்தைச் சொன்னாள்.

ருக்மிணி சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள். "உங்களுக்குமா?"

"உங்களுக்குமான்னா?"

"நான் வந்து ரெண்டு பேரன்ட்ஸ் டே ஆச்சு. ரெண்டுக்கும் எனக்கு ஜுரம்."

"நெஜமாவா?"

"ஜுரம் வரலைன்னா நான் என்ன பண்றது? கோயில்ல அர்ச்சனைக்கே நட்சத்திரம் மட்டும்தான் சொல்வேன். குருக்கள் பேரைப் போட்டுப்பார். இந்த வருஷம் ஜுரம்னா டாக்டரை அனுப்பறேன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. பேஜாரா இருக்கு."

"என்ன மேன் நீங்க ரெண்டு பேரும்!" என்றாள் டோரீன். "ஒரு பேர்! சொன்னா ஆள் செத்துடுவானா? அப்படின்னா பெர்சி எத்தனை தரம் செத்திருக்கணும்? அவன் இன்னும் மூணு பேர் சாப்பாடு சாப்பிடறான்."

"உங்களுக்குப் பழக்கம்," என்றாள் ருக்மிணி. "அவரவர் வீட்டுக்காரர் பேர்தான் நாக்குல வராது. ஊரான் வீட்டுக்காரர் பேர்னா என்ன கஷ்டம்? ஓஸ்வால்ட். ஓஸ்வால்ட். ஓஸ்வால்ட். பாத்தீங்களா? ஜல்தியா வருது."

பியாட்ரிஸ் அவளைப் பார்த்தாள். "சுந்தரேசன்," என்றாள் மெதுவாக.

ருக்மிணிக்கு வெட்கம் வந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னொரு தரம் சொல்றேன். சுந்தரேசன்." பியாட்ரிஸ் டிபன் டப்பாவைத் திறந்தாள். பசி வந்துவிட்டது. "டீச்சர், ஸொல்ப, கொஞ்சம் கிட்ட வாங்க. நீங்களும்தான், டோரீன்."

ஜூலை கடைசிச் சனிக்கிழமை தூறல் போட்டது. பெற்றோர்கள் குடைகளை வராந்தாவில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் பெரிய தொப்பியோடு நடு நாற்காலியில் உட்கார்ந்தார். புதிதாக வந்தவர், தமிழ் தெரியாது. டோரீன் பின்னால் நின்று அவர் காதில் ஆங்கிலத்தில் சொன்னாள். பிள்ளைகள் பாடினார்கள். ரொட்டிக் கடைப் பையன் பதினொன்றை விடாமல் எண்ணினான். அவன் அப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

"இனி நம் ஆசிரியைகள் தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொள்வர்," என்றார் மிஸ் கிரேஷம். பியாட்ரிஸைப் பார்த்தார். "முதல் வகுப்பு."

பியாட்ரிஸ் எழுந்தாள். கூடத்தில் சத்தம் அடங்கியது. மிஸ் கிரேஷமின் உதடு, தானே சொல்லப்போவதுபோல லேசாகத் திறந்திருந்தது. பியாட்ரிஸ் ருக்மிணியின் பக்கம் கையை நீட்டினாள்.

"இவங்க மிஸஸ் சுந்தரேசன். ரெண்டாம் வகுப்பு. இவங்க வகுப்புல எட்டாம் வாய்ப்பாடு தெரியாத பிள்ளை கிடையாது."

உட்கார்ந்துகொண்டாள்.

ருக்மிணி எழுந்தாள். ஜுரம் இல்லாமலே முகம் சிவந்திருந்தது. "இவங்க மிஸஸ் பெர்சி. மூணாம் வகுப்பு. இவங்க பியானோ வாசிச்சா எதிர் வீட்டு நாய்கூடக் குரைக்காது."

டோரீன் முன்னால் வந்தாள். "இது மிஸஸ் ஓஸ்வால்ட். முதல் வகுப்பு. வந்து ரெண்டு மாசம்கூட ஆகலை. இவங்க வகுப்புல இதுவரைக்கும் ஒரு பிள்ளைகூட அழலை."

"நான் அழுதேன்!" என்று நோரா கத்தினாள்.

"ஒரே ஒரு பிள்ளை அழுதது," என்றாள் டோரீன்.

கூடம் சிரித்தது. மிஸ் கிரேஷம் சிரிக்கவில்லை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். அதற்குள் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் கையுறை போட்ட கைகளைத் தட்டினார். சத்தமே வரவில்லை, ஆனால் முகம் மலர்ந்திருந்தது. என்ன அருமையான வழக்கம் என்றார் ஆங்கிலத்தில். தன் பெருமையைத் தானே பேசாமல் பக்கத்தில் இருப்பவர் பெருமையைப் பேசுவது! நம்மூர் இங்கிலாந்தில் இந்தப் பண்பு இல்லையே! பிறகு மிஸ் கிரேஷம் பக்கம் திரும்பினார். உங்களை அறிமுகம் செய்யப்போவது யார்?

"நான்..." என்று ஆரம்பித்தார் மிஸ் கிரேஷம்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் விரலை ஆட்டினார். கூடாது, கூடாது. நீங்கள் சொல்லக் கூடாது.

மிஸ் கிரேஷம் நின்றார். பத்தொன்பது வருஷத்தில் அவருக்குச் சொல் கிடைக்காமல் போனது இல்லை. இப்போது சொல் இருந்தது, சொல்ல வழி இல்லை. அவருக்கு இடது பக்கம் சுவர். வலது பக்கம் பியாட்ரிஸ்.

பியாட்ரிஸ் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருக்கலாம். ஒரு மூச்சு அளவுக்கு விட்டாள். பிறகு எழுந்தாள்.

"இவங்க மிஸ் கிரேஷம். எங்க ஹெட்மிஸ்ட்ரஸ். பத்தொன்பது வருஷமா இந்த ஊர்ல இருக்காங்க. இங்க இருக்கிற எங்க எல்லாரையும்விட நல்ல தமிழ் பேசுவாங்க."

இந்தத் தரம் சிரிப்பு இல்லை. கைதட்டல் மட்டும். ரொட்டிக் கடைக்காரர் மறுபடி எழுந்து நின்று தட்டினார். மிஸ் கிரேஷம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி இருந்ததாகத் தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு அவர் பியாட்ரிஸைக் கூப்பிட்டார்.

"தாங்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை."

"இல்லை, மேடம்."

"இஃது இந்நாட்டு வழக்கமோ?"

"இன்னைக்கு மத்தியானத்திலேர்ந்து, மேடம்."

மிஸ் கிரேஷம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "என் முடிவைத் தபாலில் தெரிவிப்பேன்," என்றார். "பதிவுத் தபாலில். இங்கு அதுவே முறை. அதுவரை தாங்கள் பாடம் நடத்தலாம்."

வீட்டில் அல்போன்சா வாசலிலேயே நின்றார். "சொன்னியா?"

"இல்லை, அத்தை."

"வேலை?"

"தெரியலை, அத்தை."

அல்போன்சா உள்ளே போனார். அன்றைக்கு இட்ட முட்டைகள் எல்லாவற்றையும் மருமகள் தட்டில் வைத்தார்.

திங்கட்கிழமை டோரீன் செய்தி கொண்டுவந்தாள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் ஞாயிற்றுக்கிழமை டீ பார்ட்டியிலேயே புது வழக்கத்தை ஆரம்பித்துவிட்டாராம். ரிடையர்டு மேஜர் ஒருவரை அவருடைய மனைவி அறிமுகம் செய்தாராம். டீ ஆறிப்போன பிறகும் முடிக்கவில்லையாம். மேஜருக்கே தெரியாத விஷயமெல்லாம் வந்ததாம். அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் பார்ட்டி, அங்கேயும் இதேதானாம். பியாட்ரிஸ் சிரித்தாள். ஆனால் ஒவ்வொரு நாள் காலையும், "குட் மார்னிங், மிஸஸ் ஓஸ்வால்ட்!" கேட்கும்போது, இது இன்னும் எத்தனை நாளைக்கு என்று எண்ணினாள். மிஸ் கிரேஷம் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வாசலில் தபால்காரர் நின்றார். இந்தச் சந்துக்குப் புதியவர். ஓஸ்வால்ட் அரைநாள் வேலை முடிந்து வந்து கதவருகில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். அல்போன்சா முறத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"ரிஜிஸ்டர் தபால். மிஸஸ் பி. ஓஸ்வால்ட் யாரு?"

"ஓஸ்வால்ட் என் பையன்," என்றார் அல்போன்சா.

"மிஸஸ்னு போட்டிருக்கும்மா."

"அப்ப என் மருமக."

பியாட்ரிஸ் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து நின்றாள். உறையில் பள்ளிக்கூட முத்திரை தெரிந்தது. கையை நீட்டினாள். தபால்காரர் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்? போன மாசம் ஆள் மாத்திக் கொடுத்துட்டு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இன்னார்னு முழுப் பேரைச் சொல்லணும்." ஓஸ்வால்ட் பக்கம் திரும்பினார். "சார், உங்களைப் பார்சல் ஆபீஸ்ல பாத்திருக்கேன். நீங்க சொல்லுங்க, போதும். பி-ன்னா என்ன?"

ஓஸ்வால்ட் செய்தித்தாளை மடித்தான். "இவங்கதான்," என்றான்.

"சரி சார். பேரு?"

"நம்ம வீட்டுலதான்."

"வீடு தெரியுது சார். பேரு?"

ஓஸ்வால்ட் தொண்டையைச் செருமினான். தபால்காரர் காத்திருந்தார். ஓஸ்வால்ட் இரண்டு தரம் செருமினான். அம்மாவைப் பார்த்தான். அல்போன்சா புடைப்பதை நிறுத்தி, மகன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கோழிகளைப் பார்த்தான். அவன் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

"வாயில வரலையா சார்? அப்ப தபாலைத் திருப்பி எடுத்துட்டுப் போறேன்," என்று தபால்காரர் பையைத் திறந்தார்.

"அவன் பொண்டாட்டி, அவனே சொல்லட்டும்," என்றார் அல்போன்சா. "இருங்க."

பியாட்ரிஸ் ஒரு எட்டு எடுத்து வைத்து அவன் பக்கத்தில் வந்து, வகுப்பில் நிற்பதுபோல நேராக நின்றாள்.

"எங்க பள்ளிக்கூடத்துல பக்கத்துல நிக்கறவங்கதான் பேர் சொல்லணும். சொல்லுங்க, நான் யாரு?"